வீட்டுப் பத்திரமும் உள்ளூர் வக்கீலும்: இங்கிலாந்தின் ஒரு நீண்ட கதை

இங்கிலாந்தில் ஒரு குடும்பம் வீடு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு பார்த்தாயிற்று, பிடித்தும்விட்டது. விலையும் படிந்துவிட்டது. உடனே எஸ்டேட் ஏஜென்ட் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்கள் சொலிசிட்டர் யார்?"

அந்தக் குடும்பத்தின் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கடைத்தெருவில் பேக்கரிக்கு மேல்மாடியில் பல வருஷமாகப் பெயர்ப்பலகை தொங்கும் உள்ளூர் சொலிசிட்டர். மற்றொன்று, இருநூறு மைல் தள்ளி ஏதோ ஒரு தொழிற்பேட்டையில், ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான கோப்புகளை நகர்த்தும் நிறுவனம். இரண்டாவது பெரும்பாலும் மலிவு. முதலாவதில் ஆளை நேரில் பார்க்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது?

சாதாரணக் கேள்வி போலத் தோன்றினாலும், இதற்குப் பின்னால் பல நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. சொத்தை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றும் சட்ட வேலைக்கு அங்கே 'கன்வேயன்சிங்' என்று பெயர். அந்த வேலை யாருடைய கையில் இருக்க வேண்டும் என்பதற்காக வக்கீல்களும், அரசாங்கமும், வீடு வாங்குபவர்களும் நீண்ட காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் கதை. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு.

மண்ணாங்கட்டி கைமாறிய காலம்

இடைக்கால இங்கிலாந்தில் நிலம் விற்பதற்கு எழுத்தே தேவையில்லை. விற்பவரும் வாங்குபவரும் அந்த நிலத்துக்கே போவார்கள். அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். விற்பவர் ஒரு பிடி மண்ணையோ, புல்லோடு பெயர்த்த மண்ணாங்கட்டியையோ, ஒரு மரக்குச்சியையோ எடுத்து வாங்குபவர் கையில் கொடுப்பார். அவ்வளவுதான், நிலம் கைமாறிவிட்டது. இந்தச் சடங்குக்கு 'லிவரி ஆஃப் சீசின்' என்று பெயர். பத்திரம் எழுதுவதும் உண்டு. ஆனால் அது நடந்ததற்கு ஒரு சாட்சி மட்டுமே. உரிமையை மாற்றியது பத்திரம் அல்ல, அந்தச் சடங்கு.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலத்தின் உரிமைக்கு ஆதாரம் ஊர்க்காரர்களின் ஞாபகம். யார் யாருக்கு விற்றார்கள், எல்லை எந்த வேலி வரை, நடுவில் போகும் பாதையில் யாருக்கு உரிமை என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். வெளியூர்க்காரன் ஏமாற்றுவது கடினம். 'உள்ளூர் ஆள்' என்பதன் மதிப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1677-ல் வந்த மோசடித் தடுப்புச் சட்டம் நில விற்பனைக்கு எழுத்தைக் கட்டாயமாக்கியது. 1845-ல் வந்த சட்டம் வெறும் பத்திரத்தாலேயே நிலத்தை மாற்றலாம் என்றது. மண்ணாங்கட்டிச் சடங்கு சட்டப் புத்தகத்திலிருந்து முழுதாக நீங்கியது 1925-ல்தான்!

ரகசியம் தேடிய பணக்காரர்கள்

எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1536 வாக்கில், ஒரு முக்கியமான முயற்சி நடந்தது. ஒரு குறிப்பிட்ட வகை நில விற்பனைப் பத்திரங்களை ஆறு மாதத்துக்குள் அரசு ஏட்டில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அது ஒழுங்காக நடந்திருந்தால் இங்கிலாந்தில் நிலப் பதிவு அன்றே தொடங்கியிருக்கும்.

ஆனால் நிலப்பிரபுக்களுக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் சொத்தும் கடனும் ஊருக்குத் தெரிவதை எந்தப் பணக்காரர் விரும்புவார்? வக்கீல்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தச் சட்டம் குத்தகைக்குப் பொருந்தாது. எனவே முதல் நாள் ஒரு வருஷக் குத்தகை என்று ஒரு பத்திரம். மறுநாள், குத்தகைக்காரருக்கு மீதி உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக இன்னொரு பத்திரம். இரண்டையும் சேர்த்தால் முழு விற்பனை ஆகிவிட்டது, பதிவும் தேவையில்லை. இந்தத் தந்திரம் 1840-கள் வரை, அதாவது இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, அன்றாட வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டு பத்திரம் என்றால், எழுதுகிறவருக்கு இரட்டை வேலை, இரட்டைக் கூலி.

விதிவிலக்கான இடங்களும் உண்டு. யார்க்ஷயரின் மேற்குப் பகுதியில் 1704-லும், லண்டனை ஒட்டிய மிடில்செக்ஸில் 1708-லும் பத்திரப் பதிவகங்கள் ஏற்பட்டன. தமிழ்நாட்டின் சார்பதிவாளர் அலுவலகத்தைப் போல இவையும் பத்திரத்தைத்தான் பதிந்தன. சொத்து இவருடையதுதான் என்று உத்தரவாதம் தரவில்லை. நாட்டின் மற்றப் பகுதிகளில் அதுகூடக் கிடையாது. பத்திரங்கள் வீட்டு அலமாரியிலோ, வக்கீல் அலுவலகத்திலோதான் கிடந்தன.

1804: வரிக்குக் கைமாறாக ஒரு ஏகபோகம்

பத்திரம் எழுதும் வேலையை ஆரம்பத்தில் பலரும் செய்தார்கள். லண்டனில் 'ஸ்க்ரிவனர்' எனப்பட்ட எழுத்தர்களுக்கு ஒரு சங்கமே இருந்தது. 1617-ல் அதற்கு அரச பட்டயமும் கிடைத்தது. அட்டர்னிகளும் அதே வேலையில் இறங்கியபோது இரு தரப்புக்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நீண்ட வழக்கு நடந்தது. 1760-ல் அட்டர்னிகள் ஜெயித்தார்கள். இதற்கு முன்பே, 1729-ல், அட்டர்னி ஆக வேண்டுமானால் ஐந்து வருஷம் ஒருவரிடம் பயிற்சி பெற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அரைகுறைப் படிப்போடு பத்திரம் எழுதுபவர்களைவிடத் தாங்கள் உயர்ந்தவர்கள் என்று காட்ட அவர்களுக்கு அது உதவியது.

பெரிய திருப்பம் 1804-ல் வந்தது. பிரான்சோடு போர் நடந்த காலம் அது. அரசாங்கத்துக்குப் பணம் வேண்டும். அட்டர்னிகளின் பயிற்சி ஒப்பந்தத்தின் மீதும், வருடாந்தர உரிமத்தின் மீதும் முத்திரை வரி உயர்த்தப்பட்டது. பதிலுக்கு அவர்களுக்கு ஒரு பரிசு கிடைத்தது. தகுதி பெற்ற சட்டத் தொழிலாளர்களைத் தவிர வேறு யாரும் கூலி வாங்கிக்கொண்டு சொத்துப் பத்திரம் தயாரிக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது.

'கூலி வாங்கிக்கொண்டு' என்ற சொல் முக்கியம். தனக்குத் தானே பத்திரம் எழுதிக்கொள்வதையோ, நண்பருக்கு இலவசமாக எழுதிக் கொடுப்பதையோ சட்டம் தடுக்கவில்லை. காசு வாங்கினால்தான் குற்றம். அதாவது பொதுமக்களைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லப்பட்ட ஏகபோகம், பிறந்த விதத்தில் ஒரு வரிப் பேரம்தான். அது கிட்டத்தட்ட 180 வருஷம் நீடித்தது.

தகரப் பெட்டியும் ஊர் வக்கீலும்

இந்தக் காலத்தில்தான் 'எங்கள் குடும்ப சொலிசிட்டர்' என்ற மனிதர் உருவானார். அட்டர்னி, சொலிசிட்டர் என்று தனித்தனியாக இருந்த பெயர்கள் 1875-ல் நடைமுறைக்கு வந்த நீதிமன்றச் சீர்திருத்தத்தோடு 'சொலிசிட்டர்' என்ற ஒரே பெயராயின.

சின்ன ஊர்களில் அவர் வெறும் பத்திர வக்கீல் அல்ல. லங்காஷயர் போன்ற பகுதிகளில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அட்டர்னிகள் கடன் தரகர்களாகவும் இருந்தார்கள். ஒரு விதவையிடம் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். ஒரு நெசவாலைக்காரருக்குக் கட்டடம் கட்டப் பணம் தேவைப்படும். இருவரையும் தெரிந்தவர் வக்கீல். ஆலைக்காரரின் நிலத்தை அடமானமாக எழுதி வாங்கி, விதவையின் பணத்தைக் கடனாகக் கொடுக்க வைப்பார். ஊரில் யாரிடம் பணம் இருக்கிறது, யார் கடனில் இருக்கிறார், எந்தக் குடும்பத்தில் பாகப்பிரிவினைத் தகராறு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவருடைய அலுவலகத்தில் வாடிக்கையாளர் பெயர் எழுதிய தகரப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பத்திரங்கள். பதிவேடு இல்லாத நாட்டில் சொத்துரிமையை நிரூபிக்க ஒரே வழி, பழைய பத்திரங்களைச் சங்கிலி போலக் கோத்துக் காட்டுவது. தமிழ்நாட்டில் தாய்ப்பத்திரம் தேடுவதைப் போலத்தான். எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்? பழைய வழக்கப்படி 60 வருஷம். 1874-ல் அது 40 ஆனது, 1925-ல் 30, 1969-ல் 15. அந்தச் சங்கிலி முழுக்க ஒரே வக்கீலின் அலமாரியில் இருந்தால் ஊர்க்காரர்கள் வேறு யாரிடம் போவார்கள்?

இந்த நம்பிக்கைக்கு ஒரு இருண்ட பக்கமும் இருந்தது. வாடிக்கையாளரின் பணமும் வக்கீலின் பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தன. வக்கீல் திவாலானால் விதவையின் சேமிப்பும் போச்சு. சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டியின் முன்னாள் தலைவர் ஒருவரே 1901-ல் வாடிக்கையாளர் பணத்தைக் கையாடியதற்காகச் சிறைக்குப் போனார். ஆனாலும் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்ற விதி வந்தது 1935-ல்தான். ஏமாந்தவர்களுக்கு ஈடு கொடுக்கும் பொது நிதி 1940-களின் தொடக்கத்திலும், தொழில் தவறுக்கான கட்டாயக் காப்பீடு 1976-லும் வந்தன. 'தெரிந்த ஆள்' என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது என்பதை இங்கிலாந்து பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

வார்த்தைக்கு இவ்வளவு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பத்திரங்கள் ஏன் அவ்வளவு நீளம்? காரணம் எளிது. கட்டணம் நீளத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. 72 வார்த்தை ஒரு 'ஃபோலியோ'. ஃபோலியோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரே வார்த்தையில் முடிய வேண்டியதை ஒரே பொருள் தரும் ஆறு வார்த்தைகளில் எழுதினால் வக்கீலுக்கு லாபம்.

1881-ல் வந்த சட்டமும் அதைத் தொடர்ந்த ஆணையும் இதை மாற்றின. நீளத்துக்குப் பதிலாகச் சொத்தின் விலையை வைத்துக் கட்டணம் என்று ஆனது. பத்திரங்கள் உடனே சுருங்கத் தொடங்கின. ஆனால் புதுப் பிரச்சினை ஒன்று முளைத்தது. நாடு முழுக்க ஒரே கட்டணப் பட்டியல். எந்த வக்கீலிடம் போனாலும் விலை ஒன்றே. வீட்டு விலை ஏறினால், வேலை கூடாமலேயே கட்டணமும் ஏறும். வாங்குபவருக்குத் தேர்வு என்பதே அர்த்தமில்லாமல் போனது. விலை ஒன்றுதான் என்றால் பக்கத்துத் தெரு வக்கீலிடமே போய்விடலாமே!

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சவால்

இதற்கிடையில் உலகின் இன்னொரு மூலையில் ஒரு புதுமை நடந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்தவர் ராபர்ட் டாரன்ஸ். கப்பல்களின் உரிமை பதிவேட்டில் பெயர் மாற்றினாலே மாறிவிடுகிறது, நிலத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பத்திரக் குப்பை என்று அவர் கேட்டார். 1858-ல் அங்கே அவர் கொண்டுவந்த சட்டத்தின்படி அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசே உத்தரவாதம். வக்கீல்கள் எதிர்த்தார்கள். உடனே அங்கே வக்கீல் அல்லாத 'நிலத் தரகர்'களுக்கும் அந்த வேலையைச் செய்ய உரிமம் கொடுத்துவிட்டார்கள். இன்று தமிழர்கள் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலப்பதிவு இந்த டாரன்ஸ் முறையை ஒட்டியதே.

இங்கிலாந்திலும் 1862-ல் நிலப் பதிவேடு தொடங்கியது. ஆனால் விருப்பமிருந்தால் பதியலாம் என்பதுதான் விதி. யாருக்கும் விருப்பமில்லை. 1875-ல் இன்னொரு சட்டம், அதே கதி. 1897-ல் கட்டாயப் பதிவு என்று அரசாங்கம் துணிந்தபோது லா சொசைட்டி கடுமையாக எதிர்த்தது. பதிவேடு எளிமையானால் வக்கீலுக்கு வேலை குறையும் என்ற பயம்தான் காரணம். ஒரு சமரசமாக, எந்த மாவட்டத்தின் கவுன்சில் வேண்டாம் என்கிறதோ அங்கே கட்டாயம் இல்லை என்று விதி சேர்ந்தது. லண்டன் மட்டும் மாட்டிக்கொண்டது.

1925-ல் நிலச் சட்டங்கள் முழுவதும் திருத்தி எழுதப்பட்டன. அப்போதும் பத்து வருஷத்துக்குக் கட்டாயப் பதிவை அரசாங்கம் தானாக விரிவாக்காது என்ற ஏற்பாட்டோடுதான் சட்டம் நிறைவேறியது. ஈஸ்ட்போர்ன் 1926-லும், ஹேஸ்டிங்ஸ் 1929-லும் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டன. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் கட்டாயப் பதிவு வந்தது 1990 டிசம்பரில். அதே மாதத்தில்தான் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றும் ஆனது. அதுவரை உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பார்க்க முடியாது. 1862-ல் தொடங்கிய வேலைக்கு 128 வருஷம்!

ஏகபோகம் உடைந்த கதை

1918-ல் இங்கிலாந்து, வேல்ஸில் சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் சுமார் 23 சதவீதம். 1971-ல் பாதிக்குப் பாதி. பத்திரக் கட்டணம் பணக்காரர்களின் பிரச்சினையாக இருந்த காலம் போய், பஸ் டிரைவரின், பள்ளி ஆசிரியரின் பிரச்சினையாகிவிட்டது. கன்வேயன்சிங் அப்போது சொலிசிட்டர்களின் வருமானத்தில் சுமார் பாதி. அதிலும் சின்ன ஊர் அலுவலகங்கள் இதை நம்பியே ஓடின.

1965-ல் நுகர்வோர் சங்கம் வீடு வாங்குவதன் சட்டப் பக்கத்தைச் சாதாரண மனிதருக்கு விளக்கும் புத்தகம் ஒன்றை வெளியிட்டது. 1973-ல் கட்டணப் பட்டியல் ஒழிந்தது. 1976-ல் மைக்கேல் ஜோசப் என்ற சொலிசிட்டரே தன் தொழிலைத் தாக்கி 'தி கன்வேயன்சிங் ஃபிராட்' என்ற புத்தகத்தைச் சொந்தமாக அச்சிட்டு வெளியிட்டார். பெரும்பாலான வேலை அச்சடித்த படிவத்தை நிரப்புவதுதான், இதற்கு இவ்வளவு காசா என்பது அவர் வாதம். வீட்டுக்காரரே சொந்தமாகச் செய்துகொள்ளும் வழியையும் விளக்கினார்.

1979-ல் ராயல் கமிஷன் ஒன்று ஏகபோகம் தொடரலாம் என்றே பெரும்பான்மையாகச் சொன்னது. ஆனால் காற்று திசை மாறிவிட்டது. 1983-ல் கிரிம்ஸ்பி தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. ஆஸ்டின் மிட்செல் ஏகபோகத்தை உடைக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசாங்கம் விரும்பாத நிலையிலும் அது இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. தாட்சர் அரசாங்கம் இறங்கி வந்தது. பேராசிரியர் ஃபாரண்ட் தலைமையில் குழு அமைந்தது. 1985-ன் சட்டம் 'லைசென்ஸ்டு கன்வேயன்சர்' என்ற புதிய தொழிலை உண்டாக்கியது. சொத்து மாற்றம் மட்டுமே செய்யும், தேர்வெழுதி உரிமம் பெற்ற நிபுணர்கள் இவர்கள். 1987-ல் முதல் அணி வேலையைத் தொடங்கியது.

சுவாரசியமான விஷயம் என்னவென்றால், போட்டியாளர்கள் கடை திறப்பதற்கு முன்பே சொலிசிட்டர்கள் கட்டணத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1984-ல் விளம்பரம் செய்யவும் அனுமதி கிடைத்தது. போட்டி வரப்போகிறது என்ற செய்தியே 180 வருஷப் பழக்கத்தை அசைத்துவிட்டது.

மலிவும் தொலைவும்

பதிவேடு கணினிக்குப் போனதும் வக்கீல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம் போயிற்று. தகரப் பெட்டி காலியானது. ஊருக்கு வெளியே பெரிய நிறுவனங்கள் முளைத்தன. ஒரே கோப்பை ஒருவர் திறப்பார், இன்னொருவர் கடிதம் எழுதுவார், மூன்றாமவர் முடித்து வைப்பார். ஜனங்கள் இதைக் 'கன்வேயன்சிங் ஃபேக்டரி' என்று கேலியாகச் சொன்னார்கள்.

2004-ல் சொலிசிட்டர்கள் வேலை அனுப்புபவருக்குக் கமிஷன் தரலாம் என்று விதி தளர்ந்தது. ஆக, எஸ்டேட் ஏஜென்ட் "எங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல நிறுவனம் இருக்கிறது" என்று சொல்லும்போது, அந்தச் சிபாரிசுக்குப் பின்னால் பணம் இருக்கலாம். அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் கேட்காமல் கையெழுத்துப் போடுபவர்கள்தானே அதிகம்.

வங்கிகளும் தங்கள் பட்டியலைச் சுருக்கின. கடன் கொடுக்கும் வங்கி, தான் ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். 2012-ல் ஒரு பெரிய வங்கி அந்தப் பட்டியலை நாடு முழுவதற்கும் 43 நிறுவனங்களாகக் குறைத்தது. ஊர் வக்கீல்கள் கொதித்தெழுந்த பிறகு கொஞ்சம் தளர்த்தியது.

அரசாங்கமும் ஒரு முயற்சி செய்து கையைச் சுட்டுக்கொண்டது. அங்கே விலை பேசி முடித்தாலும், இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் வரை யாரையும் அது கட்டுப்படுத்தாது. நடுவில் வேறொருவர் அதிக விலை சொன்னால் விற்பவர் தாவிவிடலாம். இதைத் தடுக்க விற்பவரே முன்கூட்டி ஆவணத் தொகுப்பு தயாரிக்க வேண்டும் என்று 2007 ஆகஸ்டில் சட்டம் வந்தது. வாங்குபவர்களின் வக்கீல்கள் அதை நம்பாமல் தேடுதல்களை மறுபடியும் செய்தார்கள். 2010 மே மாதம் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. யாரோ தயாரித்துக் கொடுத்த காகிதத்தை விடத் தனக்கு வேலை செய்பவரின் சொல்லையே ஜனங்கள் நம்புகிறார்கள் என்பது அதில் தெரிந்தது.

பதிவேட்டில் தெரியாத ஊர்

சரி, எல்லாம் கணினியில் இருக்கிறதே, உள்ளூர் ஆள் எதற்கு? பதில் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

செஷயர் மாவட்டத்தில் நார்த்விச் என்ற ஊர். அங்கே பூமிக்கடியில் உப்புப் பாறை. தண்ணீரை விட்டுக் கரைத்து உப்புநீரை உறிஞ்சி எடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீடுகளும் கடைகளும் புதைந்தன, சாய்ந்தன. அதனால் மரச்சட்டத்தில் கட்டடம் கட்டி, தரை இறங்கினால் ஜாக்கி வைத்துத் தூக்கும் வழக்கமே வந்தது. அந்தப் பகுதியில் வீடு வாங்குபவருக்கு உப்புநீர்த் தேடுதல் என்று தனியாக ஒன்று உண்டு. இழப்பீட்டுக்கென்றே ஒரு வாரியம் 1952-ன் சட்டப்படி அமைந்தது. கார்ன்வாலில் தகரச் சுரங்கம், வடக்கிலும் வேல்ஸிலும் நிலக்கரிச் சுரங்கம். எந்தத் தெருவுக்கு எந்தத் தேடுதல் கேட்க வேண்டும் என்பது அந்த ஊரில் வேலை செய்பவருக்கு யோசிக்காமலே வரும். தூரத்தில் இருப்பவரும் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

தேவாலயக் கதை இன்னும் விசித்திரம். வார்விக்ஷயரில் ஆஸ்டன் கான்ட்லோ என்ற கிராமம். அங்கே ஒரு பண்ணையை வைத்திருந்த தம்பதிக்கு ஊர்த் தேவாலயத்தின் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கச் சுமார் 95,000 பவுண்ட் கட்டும்படி கேட்டு நோட்டீஸ் வந்தது. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இடைக்காலக் கடமை அது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 2003-ல் தம்பதிக்கு எதிராகவே முடிந்தது. கடைசியில் பண்ணையையே விற்க நேர்ந்தது. அவர்கள் விஷயத்தில் இந்தக் கடமை பழைய பத்திரத்திலேயே இருந்தது. ஆனால் பல இடங்களில் பத்திரத்தைப் பார்த்தாலும் தெரியாது என்பதுதான் நாட்டையே பயமுறுத்தியது. அதன் பிறகு இதற்கான தேடுதல் வழக்கமாகிவிட்டது. 2013 அக்டோபருக்குள் தேவாலயங்கள் தங்கள் உரிமையைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று கெடுவும் வைக்கப்பட்டது.

ஆள் யார் என்று தெரியுமா?

2021-ல் லூட்டன் நகரில் நடந்தது இன்னொரு பாடம். வேலைக்காக வடக்கு வேல்ஸில் இருந்த ஒருவர், அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டுத் தன் வீட்டுக்கு விரைந்தார். சாவி சேரவில்லை. உள்ளே சாமான்கள் இல்லை. யாரோ அவர் பெயரில் போலி ஓட்டுநர் உரிமம் காட்டி, ஒரு சொலிசிட்டரையும் அமர்த்தி, வீட்டை 131,000 பவுண்டுக்கு விற்றிருந்தார். பதிவேட்டில் அதற்குள் புது உரிமையாளர் பெயர் ஏறிவிட்டது.

மண்ணாங்கட்டி காலத்தில் இது நடந்திருக்குமா? ஊர் கூடி நிற்கும் இடத்தில் ஒருவன் "இது என் நிலம்" என்று பொய் சொல்ல முடியாது. பதிவேடு பெயரைக் காக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் இவர்தானா என்பதை ஒரு மனிதர்தான் பார்க்க வேண்டும். முகம் பார்க்காமல் நடக்கும் வியாபாரத்தில் அந்த இடைவெளி பெரிதாகிவிட்டது. வக்கீலின் மின்னஞ்சல் போலவே போலியாக அனுப்பி, "வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று சொல்லி வீட்டுப் பணத்தையே சுருட்டும் திருட்டும் இதே இடைவெளியில்தான் நடக்கிறது.

வரலாறு சொல்லும் பதில்

அப்படியானால் உள்ளூர் சொலிசிட்டரே எப்போதும் நல்லவரா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வார்த்தைக்குக் காசு வாங்கியவரும், விதவையின் பணத்தைத் தொலைத்தவரும், பதிவேட்டை ஒரு நூற்றாண்டு தள்ளிப்போட்டவரும் உள்ளூர் வக்கீல்தான். தனிக் கணக்கு, காப்பீடு, போட்டி, திறந்த பதிவேடு எல்லாம் அவரைக் கட்டுப்படுத்த வந்தவை. அதனால்தான் அவர் இன்று பழைய காலத்தை விட நம்பத் தகுந்தவராக இருக்கிறார்.

அதே சமயம் மலிவு மட்டுமே அளவுகோல் என்றால் என்ன ஆகும் என்பதையும் கடந்த முப்பது ஆண்டுகள் காட்டிவிட்டன. எனவே வீடு வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் இந்த வரலாற்றிலிருந்தே வருகின்றன. என் கோப்பைக் கடைசி வரை பார்க்கப் போகும் நபர் யார், அவரோடு நேரடியாகப் பேச முடியுமா? நான் கடன் வாங்கும் வங்கியின் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு, தேடுதல் கட்டணங்கள் அதில் சேர்ந்ததா? (2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர்கள் வீட்டுக் கிரயக் கட்டண விவரத்தை வெளிப்படையாக வெளியிட வேண்டும்.) என்னை அனுப்பியவருக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்களா? இந்தத் தெருவுக்கு எந்தெந்தத் தேடுதல் தேவை? பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணை எப்படி உறுதி செய்வீர்கள்?

இவற்றில் ஐந்தாவது கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்பவர் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தாலும் சரி, இருநூறு மைல் தள்ளி இருந்தாலும் சரி, அவர்தான் உள்ளூர் வக்கீல். பொதுவாக அவர் மேல்மாடியில்தான் இருப்பார். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே கையெழுத்தில் கொடுக்கும் குடும்பத்துக்கு, படியேறிப் போய் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு வருவது பெரிய செலவில்லை.